மேஜை மேல் ஓர் ஆனவண்டி

பெட்டியில் வரும் போர் விமானத்தைவிட, வாசல் வழியே போகும் பஸ்ஸைச் சின்னதாகச் செய்வதில்தான் சுவை அதிகம். அதற்கு வேண்டிய சரக்கு நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சாலையில் கொட்டிக் கிடக்கிறது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் எல்லா பஸ்களும் நின்றன. சில மாதங்கள் கழித்து உள்ளூர் பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. மாநில எல்லையைத் தாண்ட மட்டும் அனுமதி இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத் தெற்கே வரும் கேரள அரசு பஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றது. நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாக வடக்கே வரும் தமிழக அரசு பஸ் களியக்காவிளையோடு திரும்பியது. நடுவில் கிடந்த கொஞ்ச தூரத்தைப் பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கடந்தார்கள். பஸ்கள் பழையபடி எல்லை தாண்ட 2021 டிசம்பர் ஆயிற்று.

அந்தக் காலத்தில் கேரளத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த இளைஞர்கள் பலர் ஒரு காரியம் செய்தார்கள். சாலையில் ஓடாத பஸ்ஸை மேஜை மேல் கட்டினார்கள். ஃபோரெக்ஸ் தாளை பிளேடால் அறுத்து, ஃபெவிக்விக்கால் ஒட்டி, சிவப்பும் மஞ்சளும் அடித்து, கடுகு அளவு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தி, அச்சு அசலாக ஓர் அரசு பஸ். மலையாளப் பத்திரிகைகளில் படங்கள் வந்தன. பார்த்தவர்கள் முதலில் நிஜ பஸ் என்றே நினைத்தார்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

பொழுதுபோக்கு புதிதல்ல. ஊரடங்குக்கு வெகு காலம் முன்பே கேரளத்தில் பஸ் மாதிரி செய்கிறவர்கள் இருந்தார்கள். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்கு அங்கே ‘ஆனவண்டி’ என்று செல்லப் பெயர். பக்கவாட்டில் வரைந்திருக்கும் இரட்டை யானை முத்திரையால் வந்த பெயர் அது. (அந்த ஐந்து ஆங்கில எழுத்துகள் யாருக்குச் சொந்தம் என்று கேரளமும் கர்நாடகமும் வருஷக்கணக்கில் வழக்காடியது தனிக்கதை. யானைக்கு மட்டும் போட்டி இல்லை.) ஒரு போக்குவரத்துக் கழகத்தின் பஸ்மீது இத்தனை பாசம் வைக்கும் ஜனங்களை வேறெங்கும் பார்ப்பது அபூர்வம். ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதம், கழகத்துக்குக் கடன் என்று செய்திகள் வந்துகொண்டே இருந்தபோதும் பாசம் குறையவில்லை.

மாதிரி செய்யும் கலை உலகெங்கும் வேறு பாதையில் வளர்ந்தது. இங்கிலாந்தில் 1936-இல் ஃபிராக் நிறுவனம் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு ஏர்ஃபிக்ஸ் வந்தது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய தாமியா, மரப் பொம்மைகளை விட்டு 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. விமானங்களுக்கு 72-க்கு 1 என்ற விகிதம் வந்ததற்குக் காரணம் எளிது: ஆறடி உயர மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆவான். ராணுவ டாங்கிகளுக்கு 35-க்கு 1 வந்த காரணம் இன்னும் வேடிக்கை. தாமியா 1961-இல் கொண்டுவந்த பாந்தர் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. பேட்டரிக்கு ஏற்றபடி டாங்கியின் அளவைத் தீர்மானித்துவிட்டு, பிறகு கணக்குப் பார்த்தால் 35-க்கு 1! அன்று பேட்டரி போட்ட விதியைத்தான் இன்றும் உலகம் முழுவதும் டாங்கி மாதிரிகள் பின்பற்றுகின்றன.

கிட்டுகள் அருமையானவைதான். பெட்டியைத் திறந்தால் பாகங்கள் வரிசையாக இருக்கும். எதை எதோடு ஒட்டுவது என்று படம் போட்ட புத்தகம் இருக்கும். ஆனால் கடல் கடந்து வருவதால் விலை ஏறிவிடுகிறது. ஒரு நல்ல ஜப்பானியக் கிட் வாங்கும் காசில் இங்கே பல பஸ்களுக்கு வேண்டிய ஃபோரெக்ஸ் தாள் கிடைக்கும். விலையை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அளக்கும் வேலையைக் கம்பெனிக்காரனே முடித்துவிட்டான். மாதிரிக்காரருக்கு மிஞ்சுவது ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும்தான். இரண்டாம் உலகப் போர் விமானத்தின் இறக்கை நீளம் சரியா என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க முடியாது. பாறசாலை பஸ்ஸின் ஜன்னல் உயரம் சரியா என்று சந்தேகம் வந்தால் டிப்போவுக்கு நடந்தால் போதும்.

செய்கிறவர்களுக்கு அதிக மகிழ்ச்சி தருவதும் இந்த அளக்கும் கட்டம்தான். முதல் ஆயுதம் ஒரு டேப். பஸ் புறப்பட இருக்கும் நேரத்தில் டிரைவரிடம் அனுமதி வாங்க வேண்டும். கேரள பஸ் என்றால் “சேட்டா, ரெண்டு மினிட்டு”. களியக்காவிளையில் நிற்கும் தமிழக பஸ் என்றால் “அண்ணே, ரெண்டு நிமிஷம்”. எதற்கு என்று தெரிந்ததும் பெரும்பாலான டிரைவர்கள் தாங்களே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். தன் வண்டியை யாரோ சிற்பம் செய்யப் போகிறார்கள் என்றால் எந்த டிரைவருக்குத்தான் பெருமையாக இருக்காது?

கணக்கு இப்படிப் போகிறது. சுமார் 11 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலமுள்ள பஸ்ஸை 24-க்கு 1 என்று சுருக்கினால் நீளம் 46 சென்டிமீட்டர், அகலம் பத்தரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடி அலமாரியில் அழகாக உட்காரும். கேரளத்தில் பலருக்குப் பிடித்த விகிதம் 12-க்கு 1. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதால் கணக்குப் போடவே வேண்டாம், டேப்பில் பார்த்ததை அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் பஸ் 92 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதைக் குளிப்பாட்டித் துடைத்து வைக்க வீட்டில் இடம் வேண்டும், அம்மாவின் சம்மதமும் வேண்டும். பெரிதாக இருப்பதில் லாபமும் உண்டு. கதவு திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், இண்டிகேட்டர் மினுங்கும்.

மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். சக்கரம் சிறியதாகிவிடும்; நிஜ பஸ் டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக விட்டம் உள்ளது என்பதை அளக்காமல் யாரும் நம்புவதில்லை. கூரை உயர்ந்துவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி குட்டையாகிவிடும். நமது பஸ்ஸின் அடையாளமே அந்த நீண்ட பின்பாகம்தான். அது இல்லாவிட்டால் வண்டி ஏதோ வெளிநாட்டு மினி பஸ் போலத் தெரியும். கண்ணை நம்பி வெட்டியதெல்லாம் பிறகு குப்பைக்குத்தான் போகும்.

பொருள்களைத் தேட நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. போர்டு எழுதும் கடைகளில் மிச்சம் விழும் ஃபோரெக்ஸ் துண்டுகள், ஜன்னலுக்கு ஓ.எச்.பி. தாள், கைப்பிடிக் கம்பிக்குத் தீர்ந்துபோன ரீஃபில் குழாய், டயருக்குப் பழைய ஹவாய் செருப்பின் ரப்பர், வைப்பருக்கு ஈர்க்குச்சி. டயரை மட்டும் வட்டமாக அறுப்பது கஷ்டம். லேத்துப் பட்டறையில் தயவு இருந்தால் தப்பிக்கலாம். சாதாரண கேரள பஸ்ஸில் கண்ணாடிக்குப் பதில் ஷட்டர் என்பது பெரிய நிம்மதி. ஃபெவிக்விக் ஆவி பட்டால் ஓ.எச்.பி. தாள் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். முன் கண்ணாடியைக் கடைசியாக, வேறு பசையால் ஒட்டக் கற்றுக்கொள்வதற்குள் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று கண்ணாடிகளைப் பலி கொடுத்திருப்பார்கள்.

பிறகு மழை. இந்தப் பகுதிக்கு இடவப்பாதியும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. இரண்டு பருவமழையும் நனைத்துவிட்டுப் போகும். ஈரக் காற்றில் ஸ்பிரே பெயின்ட் அடித்தால் காய்வதற்குள் மேலே சாம்பல் பூத்துவிடும். அதனால் சிவப்பு வண்ணம் அடிப்பதற்கென்று மாசி, பங்குனி வெயிலுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. பஸ்ஸை மழைக்காலத்தில் கட்டி, கோடையில் குளிக்க வைக்கும் ஏற்பாடு.

வண்ணம் அடித்துப் புத்தம் புதிதாகப் பளபளக்கும் பஸ்ஸைப் பார்த்தால் அனுபவசாலிகளுக்குத் திருப்தி வராது. சக்கர வளைவில் செம்மண் வேண்டும். டீசல் மூடியிலிருந்து கறுப்பாக வழிந்த கறை வேண்டும். கண்டக்டர் தட்டித் தட்டி மங்கிப்போன இடம் கதவருகே தெரிய வேண்டும். ஊர்ப்பலகை இன்னொரு சோதனை. பத்து சென்டிமீட்டர் உயர எழுத்து 24-க்கு 1-இல் நான்கு மில்லிமீட்டர். அந்த உயரத்தில் ‘களியிக்காவிள’ என்று மலையாளத்திலும் ‘களியக்காவிளை’ என்று தமிழிலும் எழுதக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டலாம்தான். ஆனால் நிஜப் பலகைகளை ஒரு காலத்தில் பெயின்டர்கள் கையால்தான் எழுதினார்கள். அந்த எழுத்தின் சாய்வு அச்சில் வராது.

இவ்வளவு பாடுபடுவதில் விளையாட்டைத் தாண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கேரளக் கழகம் வெகு காலம் தன் பஸ்களுக்குத் தானே உடல் கட்டியது. நெய்யாற்றின்கரையிலிருந்து தலைநகர் போகும் வழியில் இருக்கும் பாப்பனங்கோடு மையப் பணிமனையும், மாவேலிக்கரை, ஆலுவா, எடப்பாள் போன்ற பணிமனைகளும் அப்படிக் கட்டிய இடங்கள். கையால் கட்டியதால் ஒரே மாடல் பஸ்ஸிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் வந்துவிடும். விளக்கு ஓர் அங்குலம் இறங்கியிருக்கும், ஜன்னல் கம்பி வேறு மாதிரி வளைந்திருக்கும். ரசிகர்கள் இதை வைத்தே பஸ்ஸை அடையாளம் சொல்வார்கள். அண்மை ஆண்டுகளில் வெளியே உடல் கட்டிய பஸ்கள் வரத் தொடங்கின. 2022 ஏப்ரலில் ஸ்விஃப்ட் என்ற தனி நிறுவனம் நீண்ட தூர ஓட்டத்துக்கு வந்தது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. கேரளம் தன் பழைய பஸ்களுக்கு அவகாசம் தேடிக்கொண்டது. ஆனாலும் கைவேலை பஸ்களின் காலம் முடிந்துகொண்டு வருகிறது என்பதில் சந்தேகமில்லை. பழைய இரும்பாக எடைக்குப் போகும் பஸ்ஸுக்கு யாரும் வரைபடம் எடுத்து வைப்பதில்லை. ஒரு மாதிரிக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பென்சில் அளவுகள்தான் பல வண்டிகளுக்கு மிஞ்சப்போகும் ஜாதகம்.

ஜாதகம் கிடைக்காத பஸ்ஸைச் செய்வது எப்படி? இந்தச் சாலையில் அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. மாதிரி செய்கிறவர்களின் துப்பறியும் திறமைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்ட முடிவு செய்தபோது, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்பவரை 1937-இல் வரவழைத்தது. இங்கிலாந்திலிருந்து காமர் நிறுவனத்தின் பி.என்.எஃப்.3 சேஸிஸ்கள் கப்பலில் வந்தன. எஞ்சின் பெர்க்கின்ஸ் டீசல். உடல் மட்டும் இங்கேயே, சால்ட்டரின் மேற்பார்வையில், துறையின் தொழிலாளர்கள் கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட பஸ்கள் ஊர்வலமாகப் போயின. மகாராஜாவும் குடும்பத்தாரும் ஏறிய முதல் பஸ்ஸை சால்ட்டரே ஓட்டினார். மறுநாள் முதல் பொதுமக்களுக்கு. முதல் தடமே தலைநகரிலிருந்து தெற்கே, நாகர்கோவில், கன்னியாகுமரி போகும் இந்தச் சாலைதான். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் களியக்காவிளையும் அன்று ஒரே ராஜ்யத்து ஊர்கள். வழியில் எல்லை என்று எதுவும் இல்லை. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

அந்த பஸ்ஸில் 23 தோல் இருக்கைகள். ஏறும் வழி பின்னால். நடுவில் நடைவழி. முன்பக்கம் முதல் வகுப்பு, அதற்கு ஒன்றரை மடங்கு கட்டணம். இத்தனை தகவலும் சில பழைய புகைப்படங்களும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். புகைப்படத்திலிருந்து அளவு எடுப்பது ஒரு தனி வித்தை. அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருக்க வேண்டும்: டயர், அல்லது பக்கத்தில் நிற்கும் ஆள். டயரின் விட்டம் தெரிந்தால் அது படத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, அதே கணக்கில் ஜன்னலையும் கூரையையும் பிடிக்கலாம். பஸ் கேமராவுக்கு நேராக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் பின்பக்கம் குறுகிப் பொய் சொல்லும். அந்தப் பொய்யை இன்னொரு படத்தை வைத்துத் திருத்த வேண்டும். ஓர் இருக்கை 24-க்கு 1-இல் இரண்டு சென்டிமீட்டர் அகலம்கூட வராது. அப்படி 23 இருக்கைகள், பழைய மணிபர்ஸ் தோலைச் சீவி ஒட்டினால் அசல் போலவே இருக்கும். செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். பெட்டியில் வந்த விமானம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் முடிந்த பிறகு அதைப் பற்றிச் சொல்ல என்ன கதை இருக்கும்?

பஸ்ஸை விட்டு வீட்டுக்கு வந்தால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. கேரளத்து ஆசாரிகளின் தச்சு சாஸ்திரத்தில் அடிப்படை அளவு கோல். ஒரு கோலுக்கு 24 விரல். ஒரு விரல் மூன்று சென்டிமீட்டர். ஆக ஒரு கோல் 72 சென்டிமீட்டர். இந்தக் கணக்கை மாதிரி விகிதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 24-க்கு 1 என்று வீட்டைச் சுருக்கினால் ஒரு கோல் சரியாக ஒரு விரல் ஆகிறது. 72-க்கு 1 என்று சுருக்கினால் ஒரு கோல் சரியாக ஒரு சென்டிமீட்டர். இங்கிலாந்துக்காரன் விமானத்துக்காகத் தேர்ந்தெடுத்த எண், ஆசாரியின் முழக்கோலோடு இப்படிப் பொருந்துவது தற்செயல்தான். ஆனால் நாலுகெட்டு வீட்டை மாதிரி செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. பழைய வீட்டின் அளவுகளை மெட்ரிக்கில் எடுத்தால் 216, 288, 360 சென்டிமீட்டர் என்று புரியாத எண்களாக வரும். கோலில் எடுத்தால் மூன்று, நான்கு, ஐந்து.

இன்னொரு நுட்பம். தச்சு சாஸ்திரத்தில் வீட்டின் சுற்றளவுதான் முதலில் தீர்மானமாகும். அதை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து வரும் மீதியை வைத்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பார்கள். நிஜ வீட்டில் சுற்றளவு கோலில் எத்தனையோ, 24-க்கு 1 மாதிரியில் விரலில் அத்தனை. எண் மாறாததால் மீதியும் மாறாது. மேஜை மேல் நிற்கும் குட்டி வீட்டுக்கும் வாஸ்து சரியாகவே இருக்கும்! கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் மாதிரியின் அளவு சரிதானா என்று சோதிக்க ஆசாரியின் கணக்கே ஒரு வழி கொடுத்துவிடுகிறது.

எல்லைக்கு இரு பக்கமும் ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இடிந்து, கான்கிரீட் வீடுகள் எழுந்திருக்கின்றன. கூரையைப் பிரிக்கும் நாள்தான் மாதிரிக்காரருக்கு நல்ல நாள். உத்தரம், கழுக்கோல், வளை எல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்பது அன்றுதான் வெளியே தெரியும். மறுநாள் மரம் லாரியில் ஏறிவிடும். இந்தத் தச்சு வேலையின் உச்சத்தைப் பார்க்க எல்லை தாண்டி தக்கலை வரை போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது, நிர்வாகமோ கேரளத் தொல்லியல் துறையிடம். அதை முழுதாகச் செய்யக் கிளம்புவது ஆயுசைக் கேட்கும் வேலை. பூமுகத்தை மட்டும், அதில் தொங்கும் குதிரை விளக்கோடு செய்தாலே ஒரு வருஷம் ஓடிவிடும். புத்திசாலிகள் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

மரத்தை அறுத்துச் செய்வது ஒரு பக்கம் என்றால், மரத்தையே செய்வது இன்னொரு பக்கம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இருக்கும் அம்மச்சிப் பிலா, எதிரிகளிடமிருந்து தப்ப மார்த்தாண்டவர்மா ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் பொந்து உள்ள பலா மரம். பட்டுப்போன அதன் அடிமரம் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. செப்புக் கம்பிகளை முறுக்கி, மேலே எம்-சீல் பூசி, காய்வதற்குள் ஊசியால் பட்டையின் கீறல்களை இழுத்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல முதல் வேலை. மரத்தில் நேர்கோடு கிடையாது, எனவே தப்பும் கிடையாது.

மாத்தூர் தொட்டிப்பாலம் இதற்கு நேர் எதிர். 1966-இல் பறளியாற்றின் குறுக்கே கட்டிய கால்வாய்ப் பாலம், 115 அடி உயரம், 28 தூண்கள். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் உயரம் 35 சென்டிமீட்டர். எல்லாம் நேர்கோடு. ஒரு தூண் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் வரிசையில் பல் விழுந்தது போலத் தெரியும். பொறுமைசாலிகளுக்கு மட்டும். எல்லைக்கு வடக்கே செங்கல் ஊர்க் கோயிலில் 111 அடிக்கு எழுப்பிய சிவலிங்கமும் உண்டு. பெரிதாகக் கட்டுவதிலேயே பெருமை கொண்ட ஒன்றைச் சின்னதாகச் செய்வதில் என்ன சுவை என்பது கேள்விதான்.

ரயில் பிரியர்களின் பாடு இன்னும் சிக்கல். திருவனந்தபுரம், நாகர்கோவில் பாதை 1979-இல் வந்தது. நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், மாதிரிக்கு ஏற்ற அளவு. ஆனால் நமது அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். உலகெங்கும் விற்கும் எச்.ஓ. ரயில் மாதிரிகள் 87-க்கு 1 விகிதத்தில் இருந்தாலும், தண்டவாளம் ஐரோப்பிய அளவுக்குச் செய்தது, இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியதோ 19-க்கு மேல். கடையில் வாங்கிய தண்டவாளத்தில் இந்திய எஞ்சினை வைத்தால் பெரிய உடம்புக்குச் சின்னக் கால் போலத் தெரியும். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிடிவாதக்காரர்கள் தண்டவாளத்தையும் கையால் பதிப்பார்கள். இந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் புனேக்குப் போகலாம். பாவுசாகேப் ஜோஷி என்ற ஒருவரின் பொழுதுபோக்கு 1998-இல் அங்கே ஒரு குட்டி ரயில் அருங்காட்சியகமாகவே திறக்கப்பட்டது.

பஸ், வீடு, மரம், பாலம் என்று தனித்தனியாகச் செய்து பழகியவர்கள் கடைசியில் வந்து சேரும் ஆசை ஒன்று உண்டு. அவற்றையெல்லாம் ஒரு பலகையில் ஒரு காட்சியாக வைக்க வேண்டும். இங்கே அதற்கு இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் உள்ள கொஞ்ச தூரத்தைவிட நல்ல காட்சி எது? மீட்டர் கணக்கில்தான் வரும், 24-க்கு 1 என்றால் ஒரு சாப்பாட்டு மேஜையில் ஒரு பகுதியை அடக்கிவிடலாம். கஷ்டம் எங்கே என்றால், எல்லை என்று காட்ட அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆறு இல்லை, மலை இல்லை. விளவங்கோடு தாலுகா 1956-இல் இந்தப் பக்கம் வந்தது; தமிழர் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. கோடு காகிதத்தில் விழுந்தது. மண்ணும் தென்னையும் ரப்பரும் பேச்சும் அப்படியே தொடர்கின்றன. லாரிகள் வரிசையாக நின்ற அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியின் வேலையும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு முடிந்தது.

ஆகவே எல்லையைக் காட்டும் பொறுப்பு சின்னச் சின்னப் பொருள்கள்மேல் விழுகிறது. கடைப் பலகையில் மலையாளம் போய்த் தமிழ் வரும் இடம். மைல் கல்லின் எழுத்து. சுவர் விளம்பரத்தில் கட்சிக் கொடியின் நிறம். லாட்டரிச் சீட்டு விற்கும் மேஜை. அது கேரளத்தில் மட்டும்தான் இருக்க முடியும், தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை. ஒரு பக்கம் சிவப்பு பஸ், இன்னொரு பக்கம் தமிழக அரசு பஸ். இவை எல்லாம் சரியாக இருந்தால் எல்லைக் கோட்டை வரையாமலே பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். இதில் எது தப்பினாலும் இரண்டு ஊர்க்காரர்களும் உடனே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அந்த விமரிசனத்துக்கு அஞ்சித்தான் பலர் பலகை செய்யும் வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறார்கள்.

அப்படித் துணிந்து இறங்குகிறவருக்கு வேலை எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: ஆனவண்டியை எங்கே நிறுத்துவது? முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மாதிரியில் சுமார் 23 சென்டிமீட்டர். லாட்டரி மேஜைக்குப் பக்கத்தில் பின்சக்கரத்தை வைத்தால், முன்சக்கரம் தமிழ்ப் பலகை உள்ள டீக்கடை வாசலில் போய் நிற்கும்.